நிறை கூடிய பிறகும் முடியாத நோய்

பதினாறு வயதில் எனக்கு உண்ணுதல் கோளாறு வந்தது. பதினெட்டில் ஆஸ்பத்திரியில் வைத்து நிறையைக் கூட்டி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தோடு முடிந்தது என்று அம்மா நம்பினார், சொந்தக்காரர் நம்பினார்கள், நானும் நம்பினேன். இப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. இடைப்பட்ட காலத்தில் அதே நோய் பதகளிப்பாக வந்தது, மனச்சோர்வாக வந்தது, ஒளித்துச் சாப்பிடும் பழக்கமாக வந்தது, பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு தடவை வந்தது. ஒவ்வொரு முறையும் புது வருத்தம் என்று நினைத்துப் புது டொக்டரிடம் போனோம். காசும் போனது, என் இருபதுகளும் போயின. எல்லாம் ஒரே இடத்தில் இருந்து வருகிறது என்று அந்த நேரம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் நிறை எவ்வளவு, எதைச் சாப்பிட்டேன், எதை விட்டேன் என்ற கணக்குகளை இதில் எழுதவில்லை. இந்த நோயில் இருப்பவர்கள் அப்படியான எண்களை வாசித்தால் உடனே தங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டபோது நான் ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் சாமான் வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் சமையல். பால்மாவுக்கும் சீனிக்கும் சங்கக்கடையில் வரிசை, பொழுதுபட்டால் ஊரடங்கு. வீட்டில் எல்லோருமே அளந்துதான் சாப்பிட்டோம். “தம்பிக்குக் குடுங்கோ, எனக்குக் காணும்” என்று சொல்லத் தொடங்கினேன். பொறுப்பான பிள்ளை என்று பெயர் வந்தது. அந்த வருஷக் கந்தசஷ்டியை மிகக் கடுமையாகப் பிடித்தேன், பக்தியான பிள்ளை என்றும் பெயர் வந்தது. விரதம் முடிந்து பாறணைக்கு எல்லோரும் இருந்தபோது எனக்குள் சந்தோஷமே இல்லை, பயம்தான் இருந்தது. வெளியில் எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாத காலம் அது. ஆட்கள் காணாமல் போனார்கள், ரியூசன் நடக்குமா என்று காலையில்தான் தெரியும். என் கோப்பையில் இருப்பதை மட்டும் நான் தீர்மானிக்க முடிந்தது. அந்தத் தீர்மானம் தந்த நிம்மதியை எவ்வளவு சொன்னாலும் வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. பெரும்பாலானவர்கள் இதை வடிவுக்காகச் செய்யும் வேலை என்று நினைக்கிறார்கள். சிலருக்கு அப்படித் தொடங்கலாம். எனக்கு மெலிய வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

கடைகளில் சாமான் வரத் தொடங்கிய பிறகும் என்னால் பழையபடி சாப்பிட முடியவில்லை. இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை என்றால் கவனியுங்கள். விரதம், சோதனைக் காலம், வயிற்று வருத்தம், காய்ச்சல், வீட்டுக் கஷ்டம் என்று எதுவும் தொடக்கமாக இருக்கலாம். அது முடிந்து கிழமைக் கணக்காகியும் பிள்ளை சாப்பாட்டைக் கண்டு ஒதுங்கினால், குடும்பத்தோடு இருந்து சாப்பிட மறுத்தால், எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் இருந்தால், வெயிலிலும் குளிருது என்றால், அது வளர்ந்து வரும் வயதின் குணம் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் நாவூறு என்றார்கள். கோயிலில் நூல் கட்டினார்கள். ஒரு கலியாண வீட்டில் மாமி ஒருவர் “பொம்பிளைப் பிள்ளை எண்டா இப்பிடிக் கொடி மாதிரி இருக்க வேணும்” என்றார். சில மாதம் கழித்து அதே மாமி “என்ன பிள்ளை, எலும்பும் தோலுமாப் போனாய்?” என்றார். நோய்க்கு இரண்டு வசனமும் தீனிதான். பிறகு மாதவிடாய் நின்றது. அப்போதுதான் வீடு உண்மையிலேயே பயந்தது, ஏனென்றால் அது கலியாணத்தோடு சம்பந்தப்பட்டது. தனியார் இடமொன்றில் ஒரு பெண்நோய் டொக்டரிடம் போனோம். குளிசை தந்தார், இரத்தம் வந்தது, எல்லோருக்கும் ஆறுதல். என்ன சாப்பிடுகிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது: பட்டினியால் நின்ற மாதவிடாயைக் குளிசையால் வரவழைத்தால் வெளியில் சரியாகிவிட்டது போலத் தெரியும், ஆனால் உடம்பில் ஹோர்மோன் குறைந்ததற்கான காரணம் அப்படியே இருக்கும். எலும்பு பலம் சேர்க்கும் வயது பதின்வயதும் இருபதுகளின் தொடக்கமும்தான். அந்தக் குளிசை எலும்பைக் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இளம் பிள்ளைக்கு மாதவிடாய் தொடர்ந்து சில மாதம் வராமல் போனால், டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும். 1995 இல் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த இரவில் ஐந்து வயதுப் பிள்ளையான என்னைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர். அந்த இரவில் எனக்கு ஒரு வாய் கொடுக்க அவர் பட்ட பாட்டை ஊரே அறியும். அப்படிப்பட்டவருக்கு முன்னால் புட்டையும் சம்பலையும் வைத்துக்கொண்டு நான் அழுதேன். “சாப்பாடு இல்லாமல் செத்த சனத்தைப் பாத்தனான் பிள்ளை” என்று ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். அவரில் கோபம் இல்லை, என்னிலும் பிடிவாதம் இல்லை. எனக்கு விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். வடகிழக்கில் எங்கள் அம்மாமாருக்கு இது இரட்டிப்பாக நோகும். பசியை அனுபவித்தவர்களுக்குப் பிள்ளை பசியைத் தேடிப் போவது அவமதிப்பாகவே தெரியும். நன்றிகெட்ட பிள்ளை என்ற எண்ணம் வந்தால், அதை நோய்க்காரி வேண்டுமென்று செய்யவில்லை என்பதை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதை என் டொக்டர் பின்னாளில் ஓர் உதாரணத்தோடு விளக்கினார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45 இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் முப்பத்தாறு இளைஞர்களைத் தெரிந்தெடுத்து ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். உடம்பிலும் மனதிலும் சுகமானவர்கள் என்று பரிசோதித்து எடுத்த ஆட்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். சில மாதத்திலேயே அவர்களுக்கு மனச்சோர்வு வந்தது, எரிச்சல் வந்தது, மற்றவர்களிடம் இருந்து ஒதுங்கினார்கள், நாள் முழுதும் சாப்பாட்டைப் பற்றியே யோசித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். திரும்பச் சாப்பாடு கொடுத்த பிறகும் பலருக்கு மனம் உடனே சரிவரவில்லை. இதைக் கேட்டபோது நான் கதிரையில் இருந்து அழுதேன். என்னுடைய குணம் என்று நான் நினைத்திருந்த பலதும், அந்தச் சிடுசிடுப்பும் தனிமையும் முடிவேயில்லாத சாப்பாட்டு யோசனையும், பட்டினி செய்த வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2008 இல் ரியூசன் கொட்டிலில் மயங்கி விழுந்தேன். அரச ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கோழி சூப்பும் முட்டைமாவும் கட்டிக்கொண்டு வந்தபோது தாதி ஒருவர் மறித்து, மெதுவாகத்தான் கூட்ட வேண்டும் என்று விளக்கினார். இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் இரத்தத்தில் பொஸ்பேற்று, பொட்டாசியம் போன்றவை சட்டென்று இறங்கி இதயம் வரைக்கும் பாதிக்கப்படலாம். மிகவும் மெலிந்துபோன பிள்ளையை வீட்டில் வைத்து “நாலு நாள் வடிவாச் சாப்பிட்டா சரி” என்று தீத்தத் தொடங்காதீர்கள். முதலில் வைத்தியசாலை, இரத்தப் பரிசோதனை, அவர்கள் சொல்லும் அளவு.

நிறை ஏறியது. வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் என்னை ஒரு மனநல டொக்டரும் பார்க்கவில்லை, பிறகு பார்க்கச் சொல்லித் துண்டும் தரவில்லை. போர் உச்சத்தில் இருந்த காலம், வார்டுகளில் என்ன நிலைமை என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே அந்த ஆட்களில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் இழப்பு இழப்புத்தான். வந்தவர்கள் எல்லோரும் “இப்பதான் பிள்ளைக்கு முகத்தில சதை வைச்சிருக்கு, வடிவா இருக்கிறாய்” என்றார்கள். அன்போடு சொன்ன வார்த்தை. என் காதில் அது வேறு விதமாக விழுந்து இரவு முழுதும் தூங்கவிடாது. இந்த நோயில் இருந்து எழும்பி வரும் ஒருவரைக் கண்டால் உடம்பைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம். படிப்பைக் கேளுங்கள், பூக்கன்றைக் கேளுங்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறீரா என்று கேளுங்கள்.

கம்பஸ் போனேன். வெளியில் பார்த்தால் சாதாரண நிறையில் உள்ள ஒரு பிள்ளை. விடுதி அறையில் பகல் முழுதும் அடக்கியிருந்துவிட்டு, இரவில் என் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடுவேன். சாப்பிட்டதை வெளியேற்றும் பழக்கமும் அந்த நாட்களில் வந்தது. இதற்குப் புலிமியா என்று பெயர். மெலிவு நோயான அனோரெக்சியாவில் இருந்து இதற்கு மாறுவது அபூர்வமில்லை என்று அந்த நேரம் எனக்குத் தெரியாது. நிறை சாதாரணமாக இருப்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது, அதுதான் இதில் உள்ள ஆபத்து. வெட்கம் மட்டும் மலை போல ஏறிக்கொண்டு போகும். கூட்டாளிகளின் பிறந்தநாளுக்குப் போவதில்லை, அன்னதானத்துக்கு இருப்பதில்லை, கலியாண வீடென்றால் காய்ச்சல் என்று சொல்வேன். இரண்டாம் வருஷம் சோதனை எழுதாமல் விட்டு ஒரு வருஷம் பின்தங்கினேன். சாக வேண்டும் என்ற எண்ணம் அந்த வருஷம்தான் முதலில் வந்தது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மனநோய்களுக்குள் உயிரிழப்பு மிகக் கூடியவற்றில் அனோரெக்சியா ஒன்று, அதில் ஒரு பங்கு தற்கொலை. அப்படி ஓர் எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

காசு போன கதை இதற்குப் பிறகுதான். நெஞ்சு படபடக்கிறது என்று இதயப் பரிசோதனைகள். வயிறு எரிகிறது என்று கமெரா விட்டுப் பார்த்தார்கள். களைப்புக்குத் தைரொயிட் பரிசோதனை, முடி கொட்டுகிறது என்று தோல் டொக்டர், பல் தேய்ந்து கூசுகிறது என்று பல் டொக்டர். ஒவ்வொருவருக்கும் சனல் காசு, ஒவ்வொருவரும் எழுதிய மருந்து, சிலதுக்குக் கொழும்புக்குப் போய் வந்த செலவு. எல்லாம் சேர்த்தால் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல். அம்மாவின் சங்கிலி அடைவில் போனது அப்படித்தான். அவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நெஞ்சைப் பார்த்தவர் நெஞ்சை மட்டும் பார்த்தார், வயிற்றைப் பார்த்தவர் வயிற்றை மட்டும் பார்த்தார். இவ்வளவும் செய்து கடைசியில் என்னை மீட்டது ஓர் அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக். அங்கே ஒரு சதமும் கேட்கவில்லை. நித்திரை இல்லை என்று போன என்னிடம் ஓர் இளம் டொக்டர், “பள்ளிக்கூட வயசில சாப்பாட்டில ஏதும் பிரச்சினை இருந்ததா அக்கா?” என்று கேட்டார். பத்து வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: எந்த வருத்தத்துக்கு எந்த டொக்டரிடம் போனாலும், பதின்வயதில் உங்களுக்கு உண்ணுதல் கோளாறு இருந்திருந்தால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். பல் டொக்டரிடமும் சொல்லுங்கள். வாந்தி எடுத்த பழக்கம் இருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு குழம்பலாம், அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மாதவிடாய் நீண்ட காலம் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எனக்கு எடுத்தபோது முதுகெலும்பு வயதான ஒருவருடையது போல இருந்தது.

மனநல கிளினிக்குக்குப் போனால் யாரும் பார்ப்பார்கள், கலியாணம் குழம்பும் என்ற பயம் யாழ்ப்பாணத்தில் சின்னப் பயம் இல்லை. அந்த வாங்கில் இருந்தபோது ஊர் ஆள் ஒருவரைக் கண்டு முகத்தைச் சால்வையால் மூடினேன். அவரும் என்னைப் பார்க்காதது போல இருந்தார். அவரும் மருந்துக்குத்தான் வந்திருந்தார். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. மற்ற வைத்தியசாலைகளிலும் மனநல வைத்திய அதிகாரிகள் கிளினிக் வைக்கிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் துண்டு எழுதித் தருவார்கள். உள்ளூரில் போக மனமில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போங்கள், ஆனால் போங்கள்.

சிகிச்சை என்று சொன்னால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, அதனாலேயே நான் முதலில் நம்பவில்லை. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு. பகலில் பட்டினி கிடந்தால் இரவில் அடக்க முடியாமல் போகும் என்பதை அப்படிச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். சாப்பிட்ட நேரத்தையும் அந்த நேரம் வந்த எண்ணத்தையும் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். வீட்டில் இருந்த தராசை அம்மா அயலில் கொடுத்துவிட்டார், கிளினிக்கில் மட்டும் நிறை பார்த்தார்கள். கூடவே புளுஒக்சிட்டீன் என்ற மனச்சோர்வு மருந்தும் தந்தார்கள், எனக்கு உதவியது. மிகவும் மெலிந்த நிலையில் உள்ளவர்களுக்கு இப்படியான மருந்து அவ்வளவாக வேலை செய்யாது, அவர்களுக்கு முதலில் சாப்பாடுதான் மருந்து என்று டொக்டர் சொன்னார். முதல் மாதங்கள் மிகக் கஷ்டம். வயிறு ஊதும், உடம்பு கனக்கும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல இருக்கும். அந்த நேரம் விட்டுவிடாமல் இருப்பதற்கு ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். எனக்கு அம்மா இருந்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் என்னோடு இருந்து சாப்பிடப் பழகினார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கலியாணம் பேசியபோது சொல்ல வேண்டாம் என்று சொந்தத்தில் பலர் தடுத்தார்கள். நான் மாப்பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். “அப்ப நான் என்ன செய்ய வேணும்?” என்று மட்டும் கேட்டார். மறைத்துக் கட்டியிருந்தால் 2022 இல் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. அந்த வருஷம் நான் கர்ப்பமாக இருந்தேன். நாட்டில் பொருளாதார நெருக்கடி, காஸ் இல்லை, பால்மா இல்லை, விலை நாளுக்கு நாள் ஏறியது. வரிசைகளைக் கண்டதும் பதினாறு வயதுப் பிள்ளை எனக்குள் எழும்பினாள். “எனக்குக் காணும், நீங்கள் சாப்பிடுங்கோ” என்ற அதே வசனம் வாயில் வந்தது. அவர் உடனே கண்டுபிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய நோய்க்காரருக்குச் சாப்பாடு குறையும் எந்தச் சூழ்நிலையும் ஆபத்து என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். விரதமும் அப்படித்தான். கந்தசஷ்டிக்கு இப்போது நான் மூன்று நேரமும் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன்.

கர்ப்பிணிக் கிளினிக்கில் மாதாமாதம் நிறை பார்த்துச் சத்தமாக வாசிப்பார்கள். முதல் மாதம் வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த மாதம் மருத்துவமாது அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, நான் திரும்பி நிற்கிறேன், எண்ணைச் சொல்லாமல் எழுதுங்கோ என்று கேட்டேன். “சரி தங்கச்சி” என்று மிகச் சாதாரணமாக ஒத்துக்கொண்டார். கேட்கலாம், கேட்டால் செய்வார்கள். பிள்ளை பிறந்த பிறகு பத்தியம் வந்தது. சரக்குக் கறி நல்லதுதான், ஆனால் இது ஆகாது, அது கூடாது என்ற பட்டியல் நீண்டபோது பழைய தடைகள் தலைக்குள் திரும்பத் தொடங்கின. உண்ணுதல் கோளாறு இருந்தவர்களுக்குப் பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூட. எனக்கும் வந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் இரண்டு கிழமைக்குள் மருந்து மாற்றினார்கள். பத்தியப் பட்டியலையும் டொக்டரிடம் காட்டிப் பாதியை வெட்டினோம்.

சுகமாகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகும், பலர் முழுதாகச் சுகமாகியிருக்கிறார்கள், வேளைக்குப் பிடித்தால் வாய்ப்பு இன்னும் கூட. எனக்குப் பிந்திப் பிடித்தது. இப்போது மாதக்கணக்காக நல்லாக இருக்கிறேன், சில கிழமை சறுக்குகிறேன், கிளினிக் திகதியைத் தவறவிடுவதில்லை. என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 2006 முதல் உண்ணுதல் கோளாறு, எலும்பு அடர்த்தி குறைவு, நிறையைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். எந்த டொக்டரின் மேசைக்குப் போனாலும் வாய் திறக்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைக்கிறேன்.